பெருமாள் கூப்பிட்ட நாட்கள்

அவளைக் காட்டிக்கொடுத்தது நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை. ஆசை காட்டவும் இல்லை. திருப்பதியில் ஒரு ஓட்டலில், கூட்டத்துக்கு நடுவே தேநீர் குடிக்க வெளியே வந்த இடத்தில், சிரித்துக்கொண்டே அவள் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டுத் தட்டிலிருந்து ஒரு சமோசாவை எடுத்துக்கொண்டேன். இங்கே அந்தப் பெயரை எழுதப்போவதில்லை. ஒருமுறை சொன்னதே போதும்.

மூடியிருக்கும் எதையும் திறந்துவிடுவாள். அவளை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவை மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் டப்பாக்களையும் வரிசையாகத் திறந்து வைப்பாள். "என்னாடி மூடி மூடி துன்றீங்க, கருவாடா ஒளிச்சு வெச்சுக்கினு கீறீங்க?" என்பாள். என் அறைக்கு வந்தால் கதவைச் சாத்தமாட்டாள். ஏசி ஓடுகிறது, சாத்தம்மா என்றால், "இருக்கட்டும் சார், எவன் உங்களைத் தூக்கிக்கினு போவப்போறான்?" என்று பதில் வரும். முதலில் அதைத் திமிர் என்று நினைத்தேன். பிறகு வெகுளித்தனம் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை என்று தெரிய வெகுகாலம் ஆயிற்று. மூடிய அறையில் அவளால் மூச்சுவிட முடியவில்லை.

எங்கள் தொழிற்சாலை சித்தூருக்கும் புத்தலப்பட்டுக்கும் இடையில், திருப்பதி சாலையிலிருந்து சற்று உள்ளே இருந்தது. புதிய ஜீன்ஸைத் துவைத்து, வெளுத்து, பழையது போலாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவோம். நான் அங்கே சுற்றுச்சூழல் அதிகாரி. திருப்பதியில் ரசாயனம் படித்து முதுகலைப் பட்டம் வாங்கியவன். சாயக்கழிவு நீரைச் சோதிப்பது என் வேலை என்பதால் பெண்கள் என்னைத் 'தண்ணி சார்' என்பார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காதவனுக்கு அப்படி ஒரு பெயர் வைத்ததில் அவர்களுக்கு ஏகப்பட்ட சிரிப்பு. வைத்தவள் அவள்தான்.

அவள் பாலசமுத்திரத்துக்கு அப்பால், எல்லையோரத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். அவளுடைய நைனா காலம் வரை சொந்த நிலம் கிடையாது. பிறகு அரசு கொடுத்த கொஞ்சம் மேட்டு நிலத்தில் கடலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர்கள் எல்லோரும் தெலுங்கு. அவர்களிடம் தெலுங்கில் பணிவாகப் பேசுவாள். என்னிடம் தமிழில் வாயாடுவாள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவள் வேலை பின்பக்கத் தகரக் கொட்டகையில். காற்றடைத்த ரப்பர் கால்களுக்கு ஜீன்ஸை மாட்டி, முட்டியிலும் தொடையிலும் வெளுத்த தடம் விழுவதற்காக ஊதாநிறத் திரவத்தைத் துப்பாக்கி போன்ற கருவியால் பீய்ச்ச வேண்டும். திரவம் வேறொன்றுமில்லை, கிணற்றில் போடுகிறோமே, அந்தப் பர்மாங்கனேட்தான். ஆனால் வருடக்கணக்காக அதன் சாரலை மூச்சில் இழுத்தால் நெஞ்சைக் கெடுக்கும். இடுப்புக்கு மேல் எதுவுமில்லாத அந்தக் கால்களைத் தட்டிக்கொடுத்து அவள் சொல்வாள்: "எங்க வூட்டுக்காரரு கூட நின்னதைவிட இதுங்க கூடத்தான் சார் நெறைய நேரம் நின்னுக்கினு கீறேன். இதுங்களுக்கு வாய் இல்ல, அதனால சண்டையும் இல்ல."

அந்த வேலை செய்கிறவர்களின் விரல்கள் பழுப்பேறிவிடும். சோப்பு போட்டாலும் போகாது. எத்தனையோ நாள் லீவு எடுத்தால்தான் மங்கும். இது முக்கியம், ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வருடங்களில்தான் கூட்டணி வந்தது. வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் சில, சித்தூரிலிருந்து ஸ்ரீசிட்டி வரை உள்ள நான்கைந்து தொழிற்சாலைகள், பெங்களூரில் ஒரு தொண்டு நிறுவனம் எல்லாம் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. தண்ணீரைக் குறைப்போம், கெட்ட ரசாயனங்களை விடுவோம், தொழிலாளர் குரலைக் கேட்போம் என்று. நான் எங்கள் தொழிற்சாலையின் பிரதிநிதி. தொழிலாளர்களைக் கூட்டி இதை விளக்கியபோது அவள் கையைத் தூக்கினாள்.

"எந்தக் கட்சி சார் கூட்டணி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டணியின் நோக்கத்தை அப்போது நான் மனதார நம்பினேன் என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக ஆள் அனுப்பிச் சோதிக்கும். ஒருவர் ஒன்று கேட்பார், இன்னொருவர் வேறு ஒன்று கேட்பார். இனி எல்லோருக்கும் சேர்த்து ஒரே சோதனை, ஒரே அறிக்கை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்பு ஒவ்வொருவருக்கும் தனிப் பொய் சொல்லவேண்டியிருந்தது. இப்போது ஒரே பொய் எல்லோருக்கும் போதுமானதாயிற்று.

அந்தப் பொய் இதுதான். பர்மாங்கனேட் அடிப்பதை விட்டுவிட்டு லேசர் எந்திரத்தால் வெளுக்கிறோம் என்று கையெழுத்திட்டிருந்தோம். லேசர் எந்திரம் வந்தது, முன்கூடத்தில் நின்றது, விருந்தாளிகள் வந்தால் ஓடியது. ஆனால் வந்த ஆர்டருக்கு அதன் வேகம் போதவில்லை. பின்பக்கம் விறகு அடுக்குக்கு அப்பால் தகரக் கொட்டகை வழக்கம்போல நடந்தது, ஷட்டரை இறக்கிவிட்டு. வரைபடத்தில் அந்தக் கொட்டகையைப் 'பழைய சாமான் அறை' என்று குறித்தவன் நான்.

சோதனைக்காரர்கள் வரும் நாளில் பழுப்பு விரல்களை என்ன செய்வது? அதற்கு நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்தது. கொட்டகைப் பெண்கள் அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றித் திருமலைக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளத்தோடு விடுமுறை, தரிசனம், லட்டு. நோட்டீஸ் போர்டில் 'தொழிலாளர் நல யாத்திரை' என்று எழுதியிருக்கும். பெண்கள் சந்தோஷமாகப் போனார்கள். யாருக்குக் கசக்கும்? துணைக்கு என்று என்னையும் ஒருமுறை அனுப்பினார்கள். மலைப்பாதையில் குளிர்காற்று அடிக்க, எல்லோரும் முக்காடு போட்டுக்கொண்டு கத்தியும் அவள் தன் பக்கத்து ஜன்னலை மூடவில்லை. கீழே இறங்கும்போது என் முன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னாள்:

"ஒண்ணு பாத்தீங்களா சார்? வெள்ளக்காரன் வந்தாத்தான் பெருமாள் நம்பளைக் கூப்புடறாரு."

நான் வெடித்துச் சிரித்தேன். எவ்வளவு கூர்மையான பேச்சு என்று ரசித்தேன். அதற்கு அடியில் ஒரு கேள்வி இருந்தது. அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் ஷட்டர் விவகாரம். ஒரு நாள் மத்தியானம் அவள் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துவிட்டு வேலை செய்திருக்கிறாள். மேற்பார்வையாளர் கத்தி இறக்கினார். மறுநாளும் தூக்கினாள். மூன்றாம் முறை பூட்டுப் போட்டார்கள், வெளிப்பக்கம். அவள் என்னிடம் வந்தாள். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள நெஞ்சு அடைக்குது சார். எனக்கு மட்டும் இல்ல. சின்னப் பொண்ணுங்க கூட இருமிக்கினு கீதுங்க. வெளிய பூட்டறாங்க. நெருப்பு கிருப்பு புடிச்சா?"

கூட்டணியின் சுவரொட்டி என் மேஜைக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. குறை சொல்ல ஒரு தொலைபேசி எண். அழைத்தால் பெங்களூரில் பதிவாகும். எந்த மொழியிலும் பேசலாம். நான் அதைக் காட்டினேன்.

"இதுல சொல்லும்மா. நான் சொன்னா நிர்வாகம் கேக்காது. இதுல சொன்னா எல்லாக் கம்பெனிக்கும் போகும்."

"எம் பேரு?"

"வெளிய வரவே வராது. அதுக்கு நான் உத்தரவாதம்."

அவள் தன் கைபேசியில் எண்ணைப் பதிந்துகொண்டாள். உத்தரவாதம் என்ற சொல்லை நான் அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

திருப்பதிக் கூட்டத்தில் அந்தக் குறை வாசிக்கப்பட்டது. தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த பெண்மணி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். ஊர் பெயர் இல்லை, தொழிற்சாலை பெயர் இல்லை, 'உறுப்பினர் தொழிற்சாலை ஒன்றில்' என்றுதான் இருந்தது. மூடிய கொட்டகை, வெளிப்பூட்டு, இருமல். ஒவ்வொரு தொழிற்சாலைக்காரரும் எங்களுடையது அல்ல என்றார். நடுவில் ஒரு வாக்கியம் யாருக்கும் புரியவில்லை. விருந்தினர் வரும்போது மட்டும் கடவுள் எங்களை அழைக்கிறார் என்று. அந்தப் பெண்மணியே, ஏதோ பக்திப் பேச்சு போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

தேநீர் இடைவேளையில் கம்பெனிக்காரர்கள் ஒரு பக்கம் நிற்க, தொழிற்சாலைகளின் பணியாளர் மேலாளர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். எல்லோரும் தெலுங்கு. அந்தக் கடவுள் வாக்கியம் என்ன என்று பேச்சு வந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. "அது தமிழ்க் கேலி" என்று ஆரம்பித்து திருமலை பஸ்ஸை விளக்கினேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர், "மேமு காணிப்பாக்கம் பம்பிஸ்தாமு" என்றார். அவர்கள் ஆட்களைப் பிள்ளையாரிடம் அனுப்புகிறார்களாம். இன்னொருவர் காளஹஸ்தி. சிரிப்பு அடங்குவதற்குள், யார் அந்தப் பெண் என்று எங்கள் மேலாளர் கேட்டார்:

"எவரு சார் ஆ அம்மாயி?"

எவ்வளவு சாதாரணமாகக் கேட்டாரோ அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன். கெட்டிக்காரி, நல்ல வாய் என்றும் சேர்த்துச் சொன்னேன், பாராட்டுவது போல.

அவளை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். ஸ்ரீசிட்டிக்குப் போனாள். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு ஆள் தேவையில்லை என்று வாசலிலேயே திருப்பினார்கள். கூட்டணி வேலைக்காக நாங்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தோம். சுத்திகரிப்புப் படங்கள், மரம் நடுகிற படங்கள் போடுவதற்கு. அதில் ஒரு நாள் அவள் படம் வந்தது, இவளைச் சேர்க்கவேண்டாம் என்ற குறிப்போடு. கீழே கட்டைவிரல்கள் நின்றன. நான் போடவில்லை. அதையே அப்போது பெரிய நேர்மையாக எண்ணிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி காபி கொடுத்தாள். ஊர்க்கதை, மழை, மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுவது எல்லாம் பேசினாள். பிறகு, "எந்தக் கம்பெனிலயும் சேத்துக்க மாட்றாங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள்.

"பாக்கறேன்மா."

அவள் எழுந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா சார்?"

"இல்லம்மா. பாக்கறேன்."

காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நான் யாரிடமும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றபின் மனைவியும் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் பேச ஆளில்லாதபோது பழைய பேச்சுகள் எல்லாம் திரும்பக் கேட்கின்றன. தொழிற்சாலை பஸ் டிரைவர் ஒருவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவள் படுத்த படுக்கையாக இல்லை, ஆனால் களைக்கொத்து பிடித்தால் பத்தடி நகர முடியவில்லை என்றார். மறுநாளே அவள் ஊருக்குப் போனேன்.

வாசலில் கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். மூச்சில் ஒரு விசில் சத்தம் இருந்தது. உட்கார்ந்தவுடன் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"உன் பேரைச் சொன்னது நான்தான்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும் சார்."

"எப்படி?"

"அந்தப் பெருமாள் பேச்சு. பொம்பளைங்க கிட்ட சொன்னா சாமி குத்தம்னு சண்டைக்கு வருவாளுங்க. உங்க ஒருத்தர் கிட்டதான் சொன்னேன்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "போன்ல அத்த சொல்லும்போதே நெனச்சேன், நம்ப தண்ணி சாரு காதுல வுழுந்தா சிரிப்பாருன்னு."

சிரித்தேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அன்னிக்கு உங்க வூட்டுக்கு வந்ததே, நீங்களா சொல்லுவீங்கன்னுதான். வேலைக்கு இல்ல."

என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். பெரியதாக எதுவும் கேட்கவில்லை. கொட்டகையில் இன்னும் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் அவள் ஊர்தான். "அவங்களுக்கு மூச்சு வுட வழி பண்ணுங்க. லேசரோ என்னாவோ, அத்த இன்னும் ரெண்டு வாங்கச் சொல்லுங்க. ஆனா சார், ஆர்டர் போற மாதிரி எதுவும் பண்ணிடாதீங்க. மாசம் பொறந்தா ஜீதம் வரலன்னா அதுங்க செத்துரும்."

நான் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எழுதினேன். கொட்டகை, பஸ், வரைபடம், நான் பெயர் சொன்னது. என் பெயரில், என் கையெழுத்தோடு. ஆர்டரை நிறுத்தவேண்டாம், சரிசெய்ய அவகாசம் கொடுங்கள் என்றும் எழுதினேன். அதைக் கூட்டணியில் இருந்த எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். எதையும் எல்லோருக்கும் சேர்த்து அனுப்புவதுதான் நாங்கள் பழகிய முறை. ஒளிவுமறைவில்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு கம்பெனிக்கு மட்டும் அனுப்பியிருந்தால் அவர்கள் தொழிற்சாலையோடு மல்லுக்கட்டி எதையாவது சரிசெய்திருக்கக்கூடும். எல்லோருக்கும் ஒன்றாகத் தெரிந்ததால், கடைசியாக நிற்பவர் நாமாக இருக்கக்கூடாது என்று ஒவ்வொருவரும் பயந்தார்கள். நான் வேண்டிக்கொண்ட வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எனக்கு நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. சில வாரங்களில் கம்பெனிகள் அனைத்தும் ஒரே அறிக்கையில், பொறுப்புடன் விலகுவதாகச் சொல்லி விலகின. அவர்கள் சேர்ந்து செய்த காரியங்களில் அதுதான் சொன்னபடி நடந்தது.

தொழிற்சாலை மூடப்பட்டது. கொட்டகை மட்டுமல்ல, தையல், துவையல், பேக்கிங் எல்லாம்.

அவளுடைய மகள்தான் எனக்குப் போன் செய்தாள். பெண்கள் வாசலில் வந்து நின்று ஏசுகிறார்கள் என்றாள். அம்மாதான் மறுபடியும் அந்தக் குறை சொல்லும் எண்ணுக்குப் போன் போட்டாள் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். நான் பஸ் பிடித்துப் போனேன். ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள். நடுவில் போய் நின்று சொன்னேன்: எழுதியது நான், அவள் இல்லை, முதல் தடவை அவள் பேரைச் சொல்லி அவள் பிழைப்பைக் கெடுத்ததும் நான்தான்.

ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ சொன்னா என்னா, அவ சொன்னா என்னா? உனக்கு பென்சன் வருது இல்ல?"

"வருது."

"அப்ப போய் துன்னுட்டுத் தூங்கு."

இன்னொருத்தி, "வுடுடி, பெரிய மனுசன்" என்றாள். அதில் இரக்கம்தான் இருந்தது. வசையைவிட அதைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது. அவள் இதையெல்லாம் நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். 

எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில், ஒரு சிறிய துவையல் பட்டறை ஆள் தேடியது. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அது எந்தக் கூட்டணியிலும் இல்லை. விருந்தாளிகள் வரமாட்டார்கள், சுவரொட்டி கிடையாது. மூடப்பட்ட தொழிற்சாலையின் பெண்களில் பாதிப்பேர் அங்கே போனார்கள். ஏசியவர்களே அவளுக்கும் ஒரு இடம் பிடித்துக்கொடுத்தார்கள். மகளின் படிப்பு நடுவில் நின்றிருந்தது. பீஸை நான் கட்டுகிறேன் என்றேன். "வேணாம் சார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு மறுபடியும் அதே திரவத்தை அடிக்கப் போகாதே என்று கெஞ்சினேன்.

"அங்க பரவால்ல சார். கொட்டகையே இல்ல. வெட்டவெளியில நின்னு அடிக்கறோம். எத்தயும் மூடி மறைக்கறது இல்ல."

போன வருடம் மாம்பழம் முடிகிற சமயத்தில் மகள் மறுபடி அழைத்தாள். வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போனபோது முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, என்னைத் தெரிந்ததா என்று சொல்லமுடியாது. விரல்கள் புதிதாகப் பழுப்பேறி இருந்தன. இளம் மருத்துவர் ஒருவர் வந்து மகளிடம் கேட்டார்:

"அம்மா என்ன வேலை பார்த்தாங்க?"

"துணி கம்பெனிங்க."

அவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போக இருந்தார். நான் முன்னால் போய்ச் சொல்ல ஆரம்பித்தேன். ரசாயனத்தின் பெயர், அதன் அடர்த்தி, மூடிய கொட்டகை, முகமூடி இல்லாதது, வெளிப்பூட்டு, அதைப் பழைய சாமான் அறை என்று நான் குறித்தது, பெயர் வெளியே வராது என்று உத்தரவாதம் கொடுத்தது, பெயரைச் சொன்னது. நிறுத்தாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ரசாயனத்தின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க பேஷண்டுக்கு சொந்தமா?"

"இல்லை."

"அப்ப கொஞ்சம் வெளிய இருங்க சார். குழாய் வைக்கணும், சொந்தக்காரங்கதான் கையெழுத்துப் போடணும்."

மகள் அவரிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். நான் வெளியே வந்து நின்றேன். மறுநாள் மத்தியானம் அவள் இறந்தபோதும் அங்கேதான் நின்றிருந்தேன்.